அசையும் படமும் அதன் சுருக்கமும்

பெரியதைச் சிறியதாக்கும் கலை தமிழருக்குப் புதியது அன்று. பனையோலையில் எழுத்தாணி கொண்டு எழுதிய நம் முன்னோர், மெய்யெழுத்தின் தலையில் புள்ளி இடாமலே பெரும்பாலும் எழுதிச் சென்றனர். புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்கு ஒரு காரணம். எகர ஒகரங்களில் குறில் இன்னது, நெடில் இன்னது என்று வேறுபடுத்திக் காட்டாமலும் எழுதினர். பழகியவர், விடப்பட்டது யாது என்பதை இடம் நோக்கி அறிந்து, தம் அறிவினாலே நிரப்பிப் படித்தார். பழகாதவர் சிற்சில இடங்களில் தடுமாறினார். பாடவேறுபாடுகள் சில அத்தடுமாற்றத்தில் பிறந்தவையே. ஆகவே, சுருக்குவதில் இலாபமும் உண்டு. அதற்குக் கொடுக்கும் விலையும் உண்டு.

பவணந்தி முனிவர் நன்னூலில் சூத்திரத்திற்கு இலக்கணம் கூறுமிடத்து, பெரிய உருவத்தைச் சிறிய பரப்பிற்குள் செவ்வையாகக் காட்டும் நல்ல கண்ணாடியை உவமையாக எடுத்துக்கொண்டார். அத்தகைய கண்ணாடி ஒன்று இன்று நம் கைப்பேசிக்குள் இருக்கிறது. அது செவ்வையான கண்ணாடிதானா என்பதே என் கேள்வி. அந்தக் கேள்வி எனக்கு எழுந்த வரலாற்றை முதலிற் சொல்லிவிடுகிறேன்.

நான் தருமபுரி மாவட்டத்து ஏரியூரைச் சேர்ந்தவன். பென்னாகரம் வட்டத்தில், மேட்டூர் நீர்த்தேக்கத்திற்கு அணித்தாக உள்ள ஊர் அது. எங்கள் பக்கத்தில் தெருக்கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. முதிய கூத்தாசிரியர் ஒருவர் தமக்குத் தெரிந்த அடவுகளைச் சிறுவர்களுக்குச் சொல்லிவைக்க விரும்பினார். ஆனால் சிறுவர்களில் பாதிப்பேர் ஊரில் இல்லை. பெற்றோருடன் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் பிழைப்பு நாடிச் சென்றுவிட்டனர். என் தமையன் மகன் ஒரு வழி சொன்னான். ஒவ்வோர் அடவையும் ஒரு சிறிய அசைபடமாக ஆக்கி அனுப்பலாம் என்றான். அசைபடம் என்பது தானே தொடங்கி, தானே முடிந்து, மீண்டும் தானே தொடங்குவது. அடவு பயில்வதற்கு ஏற்றது. பழைய கைப்பேசியிலும், வலுவில்லாத இணைப்பிலும் அது சென்று சேர வேண்டுமானால், அதைச் சுருக்கியாக வேண்டும். அங்கேதான் எங்கள் சோதனை தொடங்கிற்று.

அசையும் படம் என்பது எப்போதுமே சுமைதான். 1905-ஆம் ஆண்டில், திருச்சியில் ரயில்வே அலுவலில் இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பவர், டுபான் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியையும் சில படச்சுருள்களையும் விலைக்கு வாங்கினார். வேலையை விட்டு, கூடாரத்தோடு ஊர் ஊராகச் சென்று, நம் மக்களுக்குச் சலனப்படம் காட்டினார். பின்னர் 1914-இல் கோவையில் வெரைட்டி ஹால் என்னும் நிலையான அரங்கத்தையும் அமைத்தார். 35 மில்லிமீட்டர் படச்சுருளில், ஓர் அடி நீளத்திற்கு 16 படங்கள் அடங்கும். பேசாப் படத்தின் வேகத்தில் நொடிக்கு ஏறத்தாழ ஓர் அடி ஓடும். எனவே பத்து நிமிடக் காட்சிக்கு 600 அடிச் சுருளைச் சுமக்க வேண்டும். வின்சென்ட் தோளிலும் வண்டியிலும் சுமந்ததை, இன்று நாம் எண்களாகச் சுமக்கிறோம். சுமையின் வகை மாறிற்று, சுமை நீங்கவில்லை.

எங்கள் அடவின் கணக்கைச் சொல்லுகிறேன். படம் அகலத்தில் 480 புள்ளி, உயரத்தில் 480 புள்ளி. ஒரு படத்தில் 2,30,400 புள்ளிகள். மூன்று நொடிக்கு 30 படங்கள். புள்ளி ஒன்றிற்கு ஓர் எண் என்று வைத்தாலும் 69,12,000 எண்கள். இதை மூன்று வகையில் குறைக்கலாம். அளவைப் பாதியாக்கினால், அதாவது 240-க்கு 240 ஆக்கினால், எண்கள் நான்கில் ஒரு பங்காகும். படங்களின் தொகையைப் பாதியாக்கினால், மேலும் பாதி குறையும். நிறங்களின் தொகையையும் குறைக்கலாம். இம்மூன்றையும் செய்தபின், எஞ்சியதை இடம் விடாமல் அடுக்கிக் கட்டலாம். முதல் மூன்றும் விடுதல். நான்காவது மூட்டை கட்டுதல். விடுதலில் இழப்பு உண்டு. மூட்டை கட்டுவதில் இழப்பு இல்லை.

மூட்டை கட்டும் வித்தையின் வரலாறு இஸ்ரேல் நாட்டில் தொடங்குகிறது. ஹைபா நகரத்துத் தொழில்நுட்பக் கல்வி நிலையமான டெக்னியனைச் சேர்ந்த ஏபிரகாம் லெம்பல், யாக்கோப் சிவ் என்னும் இருவரும் 1977-இலும் 1978-இலும் இரண்டு ஆய்வுரைகளை வெளியிட்டனர். அவர்களுடைய கருத்து எளியது. ஒரு செய்தியில் வந்த தொடர் மீண்டும் வருமானால், அதனை முழுதும் எழுதாமல், முன்பு வந்தது என்று சுட்டினாலே போதும். 1984-இல் டெர்ரி வெல்ச் என்பவர் அதனைச் செப்பனிட்டு, விரைவாக இயங்கும் முறையாக ஆக்கினார். மூவர் பெயரின் முதலெழுத்துகளையும் சேர்த்து அதனை எல்.இசட்.டபிள்யூ. முறை என்பர். அனுப்புவோர், வரும் தொடர்களுக்கெல்லாம் எண் இட்டு ஓர் அகராதி செய்துகொண்டே போகிறார். வியப்பு யாதெனில், அந்த அகராதியை அவர் அனுப்புவதே இல்லை. பெறுவோர், வந்த எண்களைப் பிரித்துப் படிக்கும்போதே அதே அகராதியைத் தாமும் செய்துகொள்கிறார்.

1987-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், அமெரிக்காவில் கம்ப்யூசர்வ் என்னும் நிறுவனம் இம்முறையைக் கொண்டு ஒரு பட வடிவத்தை வெளியிட்டது. அதனை ஆக்கிய குழுவின் தலைவர் ஸ்டீவ் வில்ஹைட். அதுவே ஜிஃப் எனப்படுவது. கிஃப் என்பாரும் உளர். ஆக்கியவர் ஜிஃப் என்றே ஒலித்தார். தொலைபேசிக் கம்பி வழியே மெல்ல மெல்லப் படம் வந்த காலம் அது. ஆதலால் ஒரு படத்திற்கு 256 நிறங்களே போதும் என்று வரையறுத்தனர். 1989-இல் வந்த திருத்தப் பதிப்பில், ஒவ்வொரு படமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நொடியின் நூறில் ஒரு பங்கு அளவில் குறிக்க இடம் செய்தனர். இந்தச் சிறு வசதியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் கதை இதனால்தான் நல்ல முடிவுக்கு வந்தது. பிறகு 1995-96-இல், நெட்ஸ்கேப் உலாவியின் இரண்டாம் பதிப்பு, படத்தை முடிவின்றிச் சுழலவிடும் குறிப்பு ஒன்றைச் சேர்த்தது. அசைபடம் உலகெங்கும் ஆடத் தொடங்கிற்று.

நிறத்தைக் குறைக்கும் வித்தை வேறொரு வரலாறு உடையது. கணிப்பொறித் திரை காட்டக்கூடிய நிறங்கள் 1,67,77,216. அவற்றுள் 256-ஐ மட்டும் தேர்வது எப்படி? 1982-இல் பால் ஹெக்பர்ட் ஒரு முறையை வெளியிட்டார். படத்தின் நிறங்களையெல்லாம் ஒரு பெட்டியில் இட்டதாகக் கொண்டு, பெட்டியை நடுவிற் பிளந்து, பிளந்ததை மீண்டும் பிளந்து, இறுதியில் ஒவ்வொரு சிறு பெட்டிக்கும் ஒரு நிறத்தைப் பேராளராக வைப்பது அம்முறை. இல்லாத நிறத்தை இருப்பதுபோற் காட்டும் தந்திரம் அதற்கும் முந்தியது. 1976-இல் பிளாயிட், ஸ்டைன்பர்க் என்னும் இருவர், ஒரு புள்ளியில் நேர்ந்த நிறப்பிழையை அடுத்த புள்ளிகளுக்குப் பகிர்ந்து கொடுக்கும் வழியைக் கண்டனர். செய்தித்தாளில் பிளாக் வைத்து அச்சிட்ட படத்தை உற்றுநோக்கினால் கரும்புள்ளிகளே தெரியும். தள்ளி நின்று பார்த்தால் சாம்பல் நிறம் தெரியும் அல்லவா? அதனை ஒத்தது இது. ஆயினும் ஓர் இடர் உண்டு. புள்ளிகள் சிதறினால் தொடர்கள் மீண்டும் மீண்டும் வருவது குறையும்; அவை மீண்டும் வராவிட்டால் மூட்டை இறுகாது. கண்ணுக்கு இனியது கட்டுக்கு அடங்குவதில்லை.

இடையிலே ஒரு வழக்கும் வந்தது. வெல்ச் பணிபுரிந்த ஸ்பெர்ரி நிறுவனம் அவருடைய முறைக்கு 1985-இல் காப்புரிமை பெற்றிருந்தது. 1986-இல் அந்நிறுவனம் பரோஸ் நிறுவனத்தோடு இணைந்து யூனிசிஸ் ஆயிற்று. ஜிஃப் படம் உலகெங்கும் பரவிய பின்னர், 1994-ஆம் ஆண்டு டிசம்பரில், இனி ஜிஃப் படத்தை ஆக்கும் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்ற அறிவிப்பு வெளிவந்தது. பொதுக் கிணறு என்று எண்ணி நீர் இறைத்தவர், அதற்கு உடையவர் உண்டு என்று கேட்டபோது எப்படித் திகைப்பாரோ, அப்படித் திகைத்தனர். சிலர் கூடி, எவர்க்கும் உரிமை இல்லாத புதிய வடிவம் ஒன்றைச் செய்தனர். 1996-இல் வந்த பி.என்.ஜி. அதுவே. ஆனால் அது அசையாப் படத்திற்கே ஆகியது. அசைபடம் ஆக்கிய எளிய நிரலாளர், காப்புரிமைக்கு அஞ்சியே பல ஆண்டுகள் கழித்தனர். அமெரிக்காவில் அவ்வுரிமை 2003-ஆம் ஆண்டு ஜூன் 20-ஆம் நாள் காலாவதியாயிற்று. அடுத்த ஆண்டில் மற்ற நாடுகளிலும் முடிந்தது. கிணறு பொதுவாயிற்று.

இனி, கிணற்றில் நீர் இறைக்கும் ஏற்றத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். நிரல் நூலகம் என்பது, ஒருவர் எழுதிய கட்டளைத் தொகுதிகளைப் பிறர் எடுத்தாள வைத்திருக்கும் களஞ்சியம். 1987-இல் ஜான் கிறிஸ்டி என்பவர் டூபாண்ட் நிறுவனத்தில் பணிபுரிந்தபோது எழுதத் தொடங்கி, 1990-இல் பொதுமக்களுக்கு வழங்கியது இமேஜ்மேஜிக். நம் வின்சென்டுக்குக் கருவி விற்றவர் பெயரும் ஏறத்தாழ இதுவே. வேறு உறவு ஒன்றும் இல்லை. 1995-இல் பிரெட்ரிக் லுண்ட் என்பவர் பைத்தான் மொழிக்கு ஒரு பட நூலகம் செய்தார். அதன் வளர்ச்சி தளர்ந்தபோது, 2010-இல் அலெக்ஸ் கிளார்க் அதனின்றும் ஒரு கிளையைப் பிரித்து, பில்லோ என்ற பெயரில் வளர்க்கத் தலைப்பட்டார். பல நாட்டுத் தொண்டர் கைகள் அதனைக் காத்து வருகின்றன. ஏரியூரில் ஒரு மாணவன், காசு கொடாமல், அனுமதி கேளாமல், பத்து வரியில் ஓர் அசைபடத்தைச் சுருக்குகிறான் என்றால், அவன் பின்னால் இத்தனை பேர் நிற்கின்றனர்.

என் தமையன் மகன் பில்லோவைக் கொண்டே தொடங்கினான். முதல் முயற்சியில் கூத்தாசிரியர் கற்சிலை ஆனார். எல்லாப் படங்களையும் சேமி என்று தனியே சொல்லாவிட்டால், அந்நூலகம் முதற்படத்தை மட்டும் சேமித்து நிறுத்திக்கொள்ளும். அது அவனுக்குத் தெரியாது. இரண்டாம் முயற்சியில் ஆட்டம் வந்தது; ஆனால் கோப்பு நாங்கள் எண்ணிய அளவுக்குக் குறையவில்லை. அளவைப் பாதியாக்கும்போது, பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளைக் கலந்து புதிய புள்ளி செய்யப்படுகிறது. அதனால் முன்பு இல்லாத இடைநிறங்கள் பல தோன்றுகின்றன. அவற்றை மீண்டும் 256-க்குள் அடக்கப் புள்ளிகளைச் சிதறவிட்டான். பின்னால் இருந்த வெள்ளைச் சுவர் முழுதும் மணல் தூவியதுபோல் ஆயிற்று. மணலை மூட்டை கட்ட இயலுமா? சிதறலை நிறுத்தி, நிறத்தை 64 ஆக்கினோம். சுவர் ஒரே நிறமாயிற்று; கோப்பும் இளைத்தது. முகத்துச் செஞ்சாயம் மட்டும் மாறாமற் பார்த்துக்கொண்டோம்.

மூன்றாவதாக, ஒன்று விட்டு ஒன்றாகப் படங்களை நீக்கி, எஞ்சியவற்றுக்கு நேரத்தை இரட்டித்தான். 30 படங்கள் 15 ஆயின. கோப்பு இன்னும் சிறுத்தது. பார்ப்பதற்கும் குறை ஒன்றும் தோன்றவில்லை. மகிழ்ச்சியோடு கொண்டுபோய்க் கூத்தாசிரியரிடம் காட்டினோம். அவர் கைப்பேசியை வாங்கி, கண்ணருகே பிடித்து, நான்கு சுற்று பார்த்தார். பிறகு, “கண்ணு, நான் மிதிச்சேன், படத்துல மிதிக்கலையே” என்றார்.

எங்களுக்கு விளங்கவில்லை. அவர் எழுந்து நின்று ஆடிக் காட்டினார். சுற்றி வந்து நிற்கும் கணத்தில் வலக்கால் தரையை ஒருமுறை அறைகிறது. சலங்கை ஒலி அங்கேதான் பிறக்கிறது. அதற்கு ஆவது நொடியின் பத்தில் ஒரு பங்கு. எங்கள் கணக்கில் அது ஒரே ஒரு படம். ஒன்று விட்டு ஒன்று நீக்கியபோது, அந்த ஒன்றே போய்விட்டது. கால் உயர்கிறது, அடுத்த படத்தில் ஓய்ந்து நிற்கிறது. அடவின் உயிரை நாங்கள் எறிந்துவிட்டு, உடலை அனுப்ப இருந்தோம். அதனைப் பார்த்துப் பயின்ற சிறுவன் மிதியாமலே ஆடியிருப்பான். அவனிடம் கற்பவனும் அவ்வாறே ஆடியிருப்பான். ஓலையில் விட்ட புள்ளியைப் பழகியவர் நிரப்பிக்கொண்டார் என்றேன். பழகாத பிள்ளைக்கு எதை நிரப்புவது என்று எப்படித் தெரியும்?

அன்று இரவு இருவரும் அமர்ந்து, 30 படங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எந்தப் படங்களில் ஆட்டம் மிகுதி, எவற்றில் அவர் ஏறத்தாழ அசையாமல் நிற்கிறார் என்று குறித்தோம். நிற்கும் படங்கள் ஐந்துக்கு ஒன்றை மட்டும் வைத்து, அதற்கு ஐந்து படங்களின் நேரத்தைக் கொடுத்தோம். மிதிக்கும் இடத்தில் ஒரு படத்தையும் தொடவில்லை. 1989-இல் வந்த திருத்தத்தில், படம் ஒவ்வொன்றுக்கும் தனித்தனி நேரம் குறிக்க இடம் செய்தார்களே, அது இங்கே கைகொடுத்தது. முடிவில் 14 படங்கள் நின்றன. முன்னையினும் ஒரு படம் குறைவு. ஆயினும் கால் மிதித்தது.

சுருக்கும் கலையில் இன்னொரு பெரும்பாதை உண்டு. அதில் நம் நாட்டார் பெயர் முதலில் நிற்கிறது. பெங்களூரில் 1940-இல் பிறந்த நசீர் அகமது, அமெரிக்காவில் கான்சாஸ் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராக இருந்தார். படத்தை எண்களின் குவியலாகக் கொள்ளாமல், மெல்லிய அலைகளும் விரைந்த அலைகளும் கலந்த கலவையாகக் கொண்டால் என்ன என்று அவர் எண்ணினார். அவ்வாறு பிரித்தால், கண் காணும் பொருளிற் பெரும்பகுதி சில மெல்லலைகளிலேயே அடங்கிவிடும். மற்றவற்றை விட்டாலும் கண் அறியாது. 1972-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறநிறுவனத்திடம் பொருளுதவி கேட்டார். கிடைக்கவில்லை. கருத்து மிகவும் எளிதாக இருக்கிறது என்று மதிப்பாளர் ஒருவர் குறிப்பிட்டதாக அவரே பின்னாளில் எழுதினார். அவர் விடவில்லை. தம் ஆராய்ச்சி மாணவர் டி. நடராஜனையும், நண்பர் கே. ஆர். ராவையும் துணைக்கொண்டு 1973-ஆம் ஆண்டுக் கோடையில் உழைத்தார். ராவ் நம் கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்றவர். மூவரும் 1974 ஜனவரியில் வெளியிட்ட ஆய்வுரை நான்கே பக்கம். 1992-இல் தரமாக ஏற்கப்பட்ட ஜேபெக் படத்திற்கும், அதன்பின் வந்த பெரும்பாலான ஒளிக்காட்சி வடிவங்களுக்கும் அந்த நான்கு பக்கமே அடிப்படை. இன்று பல செயலிகள் நாம் அனுப்பும் ஜிஃப் படத்தை வாங்கி, சத்தமில்லாமல் ஒளிக்காட்சியாக மாற்றியே சேர்ப்பிக்கின்றன. அங்கே வேலை செய்வது அம்மூவர் கண்ட முறையின் வழிவந்ததே. எளிது என்று தள்ளப்பட்ட கருத்து, உலகத்தின் படச்சுமையில் பெரும்பகுதியைத் தன் தோளில் தாங்குகிறது.

இந்த முறைகள் அனைத்தும் கண்ணை அளந்து செய்யப்பட்டவை. மனிதக் கண் எதை அறியாதோ, அதனை விடுகின்றன. ஆனால் கண்கள் யாவும் ஒரு தன்மையன அல்ல. என் கண் அறியாததைக் கூத்தாசிரியரின் கண் அறிந்தது. எது விடத்தக்கது என்பதைப் பொறி அறியாது, நூலகம் அறியாது, அத்தொழிலில் ஊறியவரே அறிவார். ஆதலால் கிராமத்துக் கலைகளையும், பழஞ்சுவடிகளையும், கல்வெட்டுகளையும் படமாக்கிச் சுருக்கி வைக்கும் இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறேன். சுருக்கியதை அனுப்புமுன், பொருள் அறிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அனுப்பிய பின்னும் மூலத்தை அழியாமல் வையுங்கள்.

எங்கள் ஊர்ப்பக்கத்தில் நாகமரைத் துறையில் நின்று பார்த்தால், மேட்டூர் அணையின் நீர் கடல்போல் பரந்திருக்கும். 1934-இல் அணை கட்டி முடிந்து நீர் நிறைந்தபோது பல ஊர்கள் அதில் மூழ்கின. கோடையில் நீர் வற்றும் ஆண்டுகளில், எதிர்க்கரைப் பண்ணவாடியில் மூழ்கிய கோயிலின் நந்தி வெளியே தெரியும். மக்கள் பரிசல் ஏறிச் சென்று கண்டு வருவர். நீரில் மூழ்கியது அவ்வாறு ஒருநாள் தலை காட்டும். சுருக்கும்போது எறிந்த படம் தலை காட்டாது. எங்கள் 30 படங்களும் குறையின்றி மூன்று இடங்களில் சேமிக்கப்பட்டிருக்கின்றன. 14 படங்களின் சுருக்கம் பெங்களூரில் ஒரு சிறுவனிடம் சென்றது. சென்ற ஆடி மாதத் திருவிழாவுக்கு அவன் ஊருக்கு வந்திருந்தான். கூத்தாசிரியர் முன்னால் ஆடிக் காட்டினான். சுற்றி வந்து நின்றபோது, வலக்கால் தரையை அறைந்தது.